டிவி கேமுக்கு வேகம் ஏற்றிய படலம்

அரைகுறையாகத் தெரிந்தவன் சும்மா இருந்தாலே ஊருக்குப் பாதி நன்மை. நான் சும்மா இருக்கவில்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் இருபது டிவி கேம் பெட்டிகளை ஒரே பகலில் நாசமாக்கிய பெருமை எனக்கு உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. எங்கள் பிளாக் பையன்கள் எல்லோரும் அப்ரன்டிஸ் தேர்வு எழுதி அவரவர் அப்பா பின்னாலேயே உள்ளே போய்விட்டார்கள். நான் இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் கேட்டுக்கு வெளியேதான். (கேட்டில் நிற்பவருக்கே என்னைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.) கையில் இருந்த எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமாவை வைத்து எஸ்டேட்டில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். மாதக் கடைசியில் முதலாளி கையெழுத்துப் போட்டால் டெஸ்டிங் வேலை நிரந்தரம். அப்பா அதற்குள் குவார்ட்டர்ஸ் முழுக்க "பையன் இன்ஜினியராயிட்டான்" என்று சொல்லி முடித்திருந்தார்.

கம்பெனி என்றால் ஒரு ஷெட். வெளிநாட்டிலிருந்து வரும் போர்டைப் பெட்டிக்குள் வைத்து, ஒயர் பற்றவைத்து விற்பார்கள். டெஸ்டிங் என்பது சிவப்பு லைட் எரிகிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா என்று பார்ப்பது. படம் பார்க்க ஒரே ஒரு டிவி. அது முதலாளி அறையில் கிரிக்கெட்டுக்காக இருந்தது.

அந்த வாரம், எங்கள் பெட்டிகளை வாங்கி விற்கும் கரையான்சாவடி கடைக்காரர் ஒரு புகார் சொன்னார். சண்டை ஆட்டத்தில் ஒரு எதிரி வந்தால் சரியாக ஓடுகிறது. ஐந்தாறு பேர் சேர்ந்து வந்தால் ஆட்டம் ஜவ்வாக இழுக்கிறது. முதலாளி "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

என் மண்டையில் பல்பு எரிந்தது. போர்டில் கிரிஸ்டல் என்று ஒரு சின்னத் தகர டப்பி உண்டு. அதன் துடிப்புக்குத்தான் மொத்தப் பெட்டியும் வேலை செய்யும். துடிப்பைக் கூட்டினால் வேகம் கூடும், அவ்வளவுதானே? எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் வேகமான கிரிஸ்டல் இருபது வாங்கி வந்தேன்.

பக்கத்து மேஜையில் பற்றவைக்கும் கலா, திருமுல்லைவாயில் பெண், என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் பெயரே அவளுக்கு டிப்ளமாதான்.

"டிப்ளமா, ஒன்னே ஒன்ன மாத்து. மொதலாளி வந்தப்பால டிவில போட்டுப் பாத்துகினு மிச்சத்த மாத்தலாம்."

நான் ஒன்றை மாற்றி ஸ்பீக்கரில் போட்டேன். பாட்டு கீச்சுக் குரலில் குதிரை மாதிரி பறந்தது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? இருபதையும் மாற்றினேன். பழைய கிரிஸ்டல்களைக் குப்பையில் போடச் சொல்லி அவளிடம் தள்ளினேன்.

மறுநாள் முதலாளி வந்ததும் பெட்டிகளோடு நேரே கரையான்சாவடி. கடைக்காரர் இருப்பதிலேயே பெரிய கலர் டிவியை எடுத்து வாசலில் வைத்தார். பஸ் ஸ்டாப்பில் நின்ற கூட்டம் முழுக்க இங்கே வந்துவிட்டது. நான் சுவிட்சைத் தட்டினேன்.

லைட் எரிந்தது. சத்தம் வந்தது. கலர் வரவில்லை. படம் குறுக்கே கோடு கோடாகக் கிழிந்து, சாய்ந்து, சுருண்டது. அந்தக் கோடுகளுக்கு நடுவே எவனோ ஒருவன் ஓடி, நான் பட்டனைத் தொடுவதற்குள் செத்தும் போனான். டிவியைத் தட்டினோம், மாற்றினோம். பெட்டியை மாற்றினோம். ஏழாவது பெட்டியில் கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, இதுல ஆட்றது யாரு? நானா, டிவியா?"

முதலாளி பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அட்டைக்குள் அடுக்கினார். அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எனக்குக் குவார்ட்டர்ஸில் அப்பாவின் முகம்தான் கண்ணில் நின்றது.

பிறகுதான் புரிந்தது. டிவிக்குப் படம் அனுப்பும் சில்லும் அதே கிரிஸ்டலைத்தான் நம்பியிருந்தது. துடிப்பு மாறினால் டிவிக்கு எதுவும் விளங்காது. ஆட்டத்தை எழுதியவனோ, டிவி ஒரு படம் வரைந்து முடிப்பதற்குள் இவ்வளவு வேலை என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தான். எதிரிகள் கூடினால் அந்தக் கணக்கு இடிக்கும், ஆட்டம் இழுக்கும். துடிப்பைக் கூட்டிவிட்டால் வேலையும் வேகம், கெடுவும் வேகம். இழுவை இழுவையாகவே இருக்கும். சரி செய்வதென்றால் எழுதியவன் தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எதிரிகளைக் குறைத்திருக்க வேண்டும். அவன் எந்த நாட்டில் இருந்தானோ, அம்பத்தூரில் என் கையில் இருந்தது ஒரு பற்றவைப்புக் கோல்.

பழைய கிரிஸ்டல்களை இனி எங்கே தேடுவது என்று முழித்துக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினேன். கலா தன் டிபன் டப்பா மூடியைத் திறந்து நீட்டினாள். இருபதும் இருந்தன. அவளே உட்கார்ந்து பெரும்பாலானவற்றைப் பற்றவைத்தாள். மாதக் கடைசியில் முதலாளி கையெழுத்துப் போட்டார்: டெஸ்டிங் வேலை கலாவுக்கு. முதலாளி அறை டிவியும் அவள் மேஜைக்கு வந்தது. நான் அவளுக்கு அசிஸ்டெண்ட்.

இரண்டு வருடம் கழித்து அவளையே கல்யாணம் செய்துகொள்ள வீட்டில் பேசினார்கள். அப்பாவுக்கு என் மேல் இருந்த நம்பிக்கை எப்படிப்பட்டதென்றால், பெண் வீட்டார் முன்னாலேயே அவளிடம் கேட்டார், எல்லாம் தெரிந்துதான் சம்மதித்தாயா அம்மா என்று.

கலா தலை குனிந்தபடியே சொன்னாள்: "ரெண்டு வருசமா டெஸ்ட் பண்ணிக்கினுதான் கீறேன் மாமா. லைட்டு எரியுது, சத்தம் வருது. படந்தான் இன்னும் வரல."

இன்றும் நான் வீட்டில் குரலை உயர்த்தி ஏதாவது விளக்க ஆரம்பித்தால், என் மகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் உள்ளே குரல் கொடுக்கிறாள்: "அம்மா, சத்தம் வருது."