சாய மறுத்த முடி

ஈரமாக இருந்தபோது புருவம் வரை தொங்கிய முன்முடி, காய்ந்ததும் விறுவிறுவென்று மேலேறிப் பாதி நெற்றியில் நின்றுகொண்டது. பிரேமாவதி கத்தரிக்கோலும் கையுமாகக் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கொண்டைக்குருவி அவளைப் பார்த்தது.

போன வாரம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசானி, காரில் போனதைச் சன்னல் வழியாகக் கண்டிருந்தாள். துரைசானியின் முன்முடி நெற்றியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கி, காதோரம் போய் ஒதுங்கியிருந்தது. அப்படி ஒரு முகம் தனக்கும் அமைந்தால் செல்வரத்தினம் நிமிர்ந்து பார்ப்பார் என்று தோன்றியது.

செல்வரத்தினம் அவள் கணவர். சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணி. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் கூட்டி வந்த புதிதில், சோறு ஆறுவது தெரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர். இப்போது ஒரு வருடமாகச் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டார், சுவரைப் பார்த்துப் பேசினார், விளக்கு ஏற்றிய கொஞ்ச நேரத்தில் படுத்துவிட்டார். புதுச்சேலை உடுத்தி முன்னால் நின்று பார்த்தாள். "கறி நல்லாயிருக்கு" என்றார்.

கிராணி வீடு மேட்டில் ஒற்றையாக நின்றது. தொழிலாளர்களின் வரிசைவீடுகளான லயங்கள் பள்ளத்தில் இருந்தன. ஆரம்பத்தில் லயத்துப் பெண்கள் வந்து போனார்கள். பிறகு ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. வழியில் கண்டாலும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போனார்கள். தான் யாரை என்ன சொல்லிவிட்டோம் என்று பிரேமாவதி பல நாள் யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் கோழிகளுக்கு ஊரிலிருக்கும் மாமிமாரின் பெயர்களை வைத்து, அவற்றோடு பேசத் தொடங்கினாள். மாமிமாரைப் போலவே அவையும் அவள் சொல்வதைக் கேட்காமல் தங்கள் பாட்டுக்குப் பேசின.

"இராசம்மா மாமி, இது சரியோ?" என்று சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

கறுப்புக் கோழி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தது. முடிதான் சாயவில்லை.

இடப்பக்கம் கொஞ்சம் நீளமாக இருப்பதுதான் காரணம் என்று நினைத்து அதை வெட்டினாள். இப்போது வலப்பக்கம் நீளமாகிவிட்டது. அதையும் வெட்டினாள். மிஞ்சியது விரலுக்குப் பிடிபடவில்லை.

தேங்காயெண்ணெய் தடவினாள். முடி நாலு வாலாகப் பிரிந்து நெற்றியில் ஒட்டியது. சீயக்காய் போட்டு எண்ணெயை எடுத்துவிட்டு, வடித்த கஞ்சியைத் தடவி வெயிலில் நின்றாள். அது சாய்ந்தது என்னவோ உண்மைதான். ஆனால் முன்பக்கமாகச் சாய்ந்து, கூரை விளிம்பு மாதிரி விறைத்துக்கொண்டது. மழை வந்தால் ஒரு குஞ்சு ஒதுங்கலாம்.

வேலை முடிந்து அவர் வர இன்னும் நேரம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரத்தில், காலையில் மரம் சீவியவர்கள் எடுக்காமல் விட்ட மங்கு, பால் பிடிக்கும் கிண்ணம், ஒன்று தொங்கியது. அடியில் கொஞ்சம் பால் இருந்தது. ஒட்டுவதற்கென்றே கடவுள் படைத்த பொருள்! விரலில் தொட்டு முடியை ஒரு பக்கமாக இழுத்து ஒட்டினாள்.

முடி சாய்ந்தது. துரைசானியைப் போலவே சாய்ந்தது. பிரேமாவதி கண்ணாடி முன் நின்று, "இண்டைக்கு ஏதோ வடிவா இருக்கிறீர்" என்று கணவர் சொல்வதுபோல் தானே சொல்லிக்கொண்டாள். பதிலுக்கு வெட்கமும் பட்டாள்.

பால் காயத் தொடங்கியது. காயக் காயச் சுருங்கியது. சுருங்கும்போது வலப்புருவத்தையும் தன்னோடு மேலே இழுத்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தின் பாதி, யாரோ சொன்ன பொய்யை நம்பாதது போல் ஆகிவிட்டது. உரித்தாள்; பாதிப் புருவம் கையோடு வந்தது.

மிச்சத்தை எடுக்க மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துத் தேய்த்தாள். நெற்றி எரிந்து சிவந்து வீங்கியது. கை பட்டுப் போத்தல் கவிழ்ந்து சேலையெல்லாம் மண்ணெண்ணெய். "ஐயோ, எரியுதே!" என்று அலறிக்கொண்டே வெள்ளைத் துணி ஒன்றைத் தலையில் இறுக்கிக் கட்டினாள்.

அந்த நேரம் பார்த்து விறகு பொறுக்க மேட்டுப்பக்கம் வந்த லயத்து அழகம்மா, அலறலைக் கேட்டாள், வாசனையைப் பிடித்தாள்.

"அடியே, ஓடியாங்கடி! கிராணியம்மா மண்ணெண்ணெய ஊத்திக்கிட்டாங்க!"

பிரேமாவதி விளக்கம் சொல்ல வாசலுக்கு வருவதற்குள் லயமே மேட்டில் ஏறிவிட்டது. முதலில் வந்தது மருதம்மாளின் வாளித் தண்ணீர். இரண்டாவது வாளி வாயைத் திறக்கும்போது வந்தது. அதற்குப் பிறகு வந்தவை எத்தனையென்று தெரியவில்லை.

நனைந்த கோழியாக அவளைத் திண்ணையில்லாத வாசற்படியில் உட்கார வைத்தார்கள். மருதம்மாள் அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். மரம் சீவிக் காய்த்துப்போன கைகள்.

"என்ன கொறைம்மா உங்களுக்கு? இந்த மேட்டுல தனியா உக்காந்து என்னத்தம்மா நெனச்சீங்க?"

இல்லை, முடிதான் என்று சொல்லப் பிரேமாவதி வாயெடுத்தாள். ஆனால் ஒருத்தி தலையைத் துவட்டினாள். ஒருத்தி அடுப்படிக்குப் போய்க் கோப்பிக்கு நீர் வைத்தாள். ஒருத்தி "என் ராசாத்தி" என்றாள். வீடு நிறையப் பேச்சுச் சத்தம். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லலாம் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். அழுகையும் வந்தது. அதைப் பார்த்து எல்லோரும் அழுதார்கள்.

கூப்பிடப் போன அழகம்மாவின் கையைப் பிடித்தபடி செல்வரத்தினம் தடுமாறிக்கொண்டு ஓடிவந்தார். வந்த வேகத்தில் மருதம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பிரேமா! என்ன வேலை செய்தனீர், பிரேமா!"

மருதம்மாள் அவர் கைகளை எடுத்துப் பிரேமாவதியின் தோளில் வைத்தாள். எவ்வளவு பதறிப்போய்விட்டார் என்று பிரேமாவதிக்கு நெஞ்சு நிறைந்தது.

"கவலப்படாதீங்கம்மா" என்றாள் அழகம்மா. "கங்காணி துரைகிட்டச் சொல்லப் போயிட்டாரு. ஐயா கொடுமப்படுத்துனாரான்னு துரை விசாரிப்பாரு."

பிரேமாவதி துள்ளி எழுந்தாள். "ஐயோ, இவருக்கு வேலை போயிடும்! அவர் ஒண்டும் செய்யேல்லை. நான் என்னைக் கொளுத்தவும் இல்லை. இஞ்சை பாருங்கோ!"

தலைத்துணியை அவிழ்த்தாள்.

பாதிப் புருவம், சிவந்த நெற்றி, அதற்குமேல் கஞ்சியும் ரப்பருமாகத் திசைக்கொன்றாக நின்ற முடி.

அழகம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்தியும் அடங்கவில்லை. வாசல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

"துரைசானி மாதிரி முடியைச் சாய்ச்சு விடப் பாத்தனான்" என்று பிரேமாவதி சொன்னதும் அது இரண்டு மடங்காயிற்று. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே கங்காணியைத் திருப்பிக் கூட்டிவர ஓடினாள்.

செல்வரத்தினம் சிரிக்கவில்லை.

"என்னப்பா, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?" பிரேமாவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றாள். "உங்களுக்காகத்தானே செய்தனான். ஒருக்கா என்னைப் பாருங்கோவன்."

அவர் நிமிர்ந்தார். அவள் காதுக்குப் பக்கத்தில், வெறும் கதவு நிலையை அன்போடு பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு, பிரேமா. உமக்கு நல்லாப் பொருந்துது."

சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரேமாவதி அவர் முகத்துக்கு முன்னால் கையை மெல்ல அசைத்தாள். அவர் இமைக்கவில்லை.

மருதம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஐயாவுக்குக் கண்ணு மங்கி ஒரு வருசமாச்சும்மா, வாய் தவறி உங்ககிட்ட ஒளறிருவோம்னுதான் எங்கள இந்த வீட்டுப்பக்கமே வரக்கூடாதுன்னுட்டாரு."