மூணுமே கீறல், முசே!

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வெற்றிலை, பொடி என்று எதுவும் இல்லை. அவற்றை விட்டொழிக்கவாவது வழி இருக்கிறது. எந்தப் பாத்திரத்தைக் கையில் எடுத்தாலும் நகத்தால் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பேன். காரைக்காலில் எங்களுடையது பீங்கான் கடை. தட்டோ ஜாடியோ, சுண்டினால் கணீரென்று பேச வேண்டும். கீறல் விழுந்தது தொண்டை கட்டியவனைப் போல 'டொக்' என்னும். கல்யாண விருந்தில் நான்கு பேர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டைக்கூடச் சுண்டிக் கேட்ட பிறகுதான் சோற்றில் கை வைப்பேன். (மற்ற மூவரும் பசியோடு என்னை முறைத்ததைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட வயது அது.)

இந்த வித்தையை வைத்துக்கொண்டுதான் என் உயிர் நண்பன் ஆரோக்கியத்தின் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்த சமயம். முசே அந்துவான் என்று ஒரு பெரியவர் இருந்தார் ('முசே' என்றால் பிரெஞ்சில் ஐயா). தமிழர்தான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷத்தில் பதினோரு மாதம் அவர் வீட்டு முன்னறை சும்மா கிடக்கும். டிசம்பர் பிறந்தால் அது கிறிஸ்துமஸ் கடை. குடில் பொம்மைகள், காகித நட்சத்திரங்கள், ஜிகினாச் சரங்கள் என்று அறை கொள்ளாது. நடுவில் கடற்கரையிலிருந்து வெட்டி வந்த சவுக்குக் கிளை ஒன்று நிற்கும். அதன்மேல் பனிக்குப் பதிலாகப் பஞ்சு. எங்கள் தெருவில் பனியை நேரில் கண்டவர் தாம் ஒருவரே என்பதால், வேறு யாரையும் பஞ்சு ஒட்ட விடமாட்டார்.

மேசைக்குப் பின்னால் அவர் மகள் திரேஸ் நிற்பாள். ஆரோக்கியம் தினமும் போய் ஒரு நட்சத்திரம் வாங்குவான். ஒரு வார்த்தை பேசமாட்டான், திரும்பிவிடுவான். வீட்டில் பதினோரு நட்சத்திரம் சேர்ந்துவிட்டது. அவன் அம்மா பயந்துபோய்ப் பாதிரியாரிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"மஜீது, இன்னைக்கு நீயும் வாடா" என்றான் ஒரு நாள். "திரேஸுக்குப் பாண்டிச்சேரியில மாப்பிள்ளை பாக்குறாங்களாம். பெரியவர்கிட்ட நல்ல பேரு வாங்கிட்டா, அம்மாவ விட்டுப் பொண்ணு கேட்டுடலாம். நீ வியாபாரி வீட்டுப் புள்ள, நீ பேசு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

என்னைப் பேசச் சொன்னால் கேட்கவா வேண்டும்!

கடைக்குள் நுழைந்ததும் குடிலில் இருந்த ஓர் ஆட்டை எடுத்துச் சுண்டினேன். டொக்.

"முசே, இந்த ஆட்டுக்குப் பின்னங்கால்ல கீறல் இருக்குங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது. "அடடே! இத்தனை வருஷமா என் கண்ணுக்குத் தெரியலையே. தம்பி யாரு?"

"பீங்கான் கடை மரைக்கார் மகனுங்க. என் சிநேகிதன்" என்றான் ஆரோக்கியம். அந்தக் கடையில் அவன் பேசிய முதல் வாக்கியம். திரேஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்குக் காது சிவந்துவிட்டது.

முசேக்கு என்மேல் ஒரே மதிப்பு. அலமாரியைத் திறந்து ஓர் அட்டைப் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தார். உள்ளே சிவப்பும் பொன்னும் நீலமுமாகப் பன்னிரண்டு கண்ணாடி உருண்டைகள்.

"கப்பல்ல வந்த கடைசிப் பெட்டி. இனிமே வராது. கோயிலுக்குக் கொடுக்கப் போறேன். ஏதாவது பழுது இருந்தா பாத்துச் சொல்லு தம்பி."

அப்படி ஒரு பொருளை நான் அதற்குமுன் தொட்டதே இல்லை. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. புத்தியுள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் கொக்கியை விரலில் மாட்டிக்கொண்டு, எங்கள் கடைக் கனத்த ஜாடிக்குக் கொடுக்கும் அதே சுண்டைக் கொடுத்தேன்.

கணீர் இல்லை, டொக்கும் இல்லை. உருண்டையே இல்லை. விரலில் கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதாவது காலில் விழுந்திருக்கலாம். "இது முன்னாடியே கீறல் விட்டதுங்க. அடுத்ததைக் கொடுங்க" என்றேன் நிதானமாக. பட்டாளத்துக்காரர் இல்லையா, என் குரலில் இருந்த அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டுத் தாமே எடுத்துக் கொடுத்தார். பொன்னிற உருண்டையும் போயிற்று. மூன்றாவதாக நீலம்.

"மூணுமே கீறல், முசே! உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க."

நான்காவதை நோக்கிப் போன என் கையை ஆரோக்கியம் பிடித்துக்கொண்டான். "மஜீது... அது கீறல் இல்லடா. நீதான்டா."

அதன்பிறகு முசே பேசியது முழுக்கப் பிரெஞ்சு. எனக்கு ஒரு சொல்லும் தெரியாதது என் பெற்றோர் செய்த புண்ணியம். ஆரோக்கியம் மண்டியிட்டுச் சில்லுகளை அள்ளப் போய் விரலைக் கிழித்துக்கொண்டான். பாண்டிச்சேரி மாப்பிள்ளை இந்நேரம் ரயிலேறியிருப்பான் என்று எனக்குத் தோன்றியது. என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரேஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தபடியே வந்து சவுக்குக் கிளையிலிருந்து ஒரு பிடி பனியைப் பிய்த்து ஆரோக்கியத்தின் விரலில் வைத்து அழுத்தினாள்.

"விளக்குமாறு இருக்குல்ல? யாராவது கண்ணாடியக் கையால அள்ளுவாங்களா?"

"என் பனி!" என்று முசே தமிழுக்குத் திரும்பினார். பிறகு ஆரோக்கியத்தை ஏற இறங்கப் பார்த்தார். "நீ தினம் வர்றவன்தானே? எதுக்குடா உனக்கு இத்தனை நட்சத்திரம்?"

கேள்வி ஆரோக்கியத்துக்குத்தான். என் வாய் சும்மா இருக்குமா? "நட்சத்திரத்துக்கா வர்றான்? உங்க மகளுக்காக வர்றாங்க முசே."

திரேஸின் சிரிப்பு நின்றது. ஆனால் அவன் விரலை அவள் விடவில்லை. பெரியவர் அந்த விரலைப் பார்த்தார்.

"நாளைக்கு உன் அம்மாவை வரச் சொல்லு" என்றார். "ஆனா இந்தப் பய கூட வரக் கூடாது."

ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம். விருந்துக்கு எங்கள் கடைப் பீங்கான் தட்டுகள்தான். எல்லோருக்கும் தட்டு, எனக்கு மட்டும் வாழையிலை. முசே தம் கையாலேயே போட்டார். எனக்கு அதில் ரோஷமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வருஷம் அவர்களுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. பார்க்கப் போனேன். தொட்டிலருகே குனிந்து, கன்னத்தைத் தொடலாம் என்று கையை நீட்டினேன். திரேஸ் பாய்ந்து வந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, அவன் நல்லா இருக்கான். சுண்டிப் பாக்காதீங்க!"

அந்தப் பிள்ளைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. இன்றும் என்னைத் தெருவில் கண்டால், இரண்டு கையாலும் மண்டையைப் பொத்திக்கொண்டுதான் "வாங்க மாமா" என்கிறான்.