நம்பினால் நட்டம்

உலகத்தில் நியாயம் என்று ஏதாவது மிச்சமிருந்தால், அது கம்பெனிகளின் ஆண்டுக் கணக்கில்தான் இருக்கிறது. 'நியாய மதிப்பு' என்று அங்கே அச்சிலேயே போட்டிருப்பார்கள். ஒரு சொத்தையோ கடனையோ பழைய விலையில் எழுதக் கூடாது. இன்றைக்குச் சந்தையில் என்ன விலைக்குப் போகுமோ அந்த விலையில் எழுத வேண்டும். இந்த உயர்ந்த தத்துவத்தைச் சென்னீர்குப்பத்துக்குக் கொண்டுவந்த பெருமை சுப்பராயன் ஒருவரையே சேரும்.

சுப்பராயன், அங்கே சுருள் கம்பி செய்யும் வேதமுத்து ஸ்பிரிங்ஸ் நிறுவனத்தின் நிதி மேலாளர். துறையூர்க்காரர். ஐயப்பன்தாங்கலில் ஒரு ஃபிளாட் வாங்கி, ஹால் தனக்கும் மற்ற அறைகள் பேங்குக்குமாக வாழ்ந்துவந்தார். முதலாளி வேதமுத்து இளகிய மனசுக்காரர். போன தீபாவளிக்குத் தொழிலாளர்கள் போனஸ் கேட்டபோது, 'இல்லை' என்ற கடுஞ்சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதற்குப் பதிலாக எல்லாருக்கும் ஒரு கட்டுப் பத்திரம் கொடுத்தார். ஒவ்வொரு பத்திரத்திலும் ரோஜாப்பூ படம். அதன் கீழே, 'நூறு ரூபாய் பின்னர் தரப்படும்' என்ற வாசகம். 'பின்னர்' என்றால் எப்போது என்று கேட்கிற அளவுக்கு அங்கே யாரும் நாகரிகமற்றவர்கள் இல்லை.

அவசரத்துக்குக் காசு தேவைப்பட்டவர்கள், கம்பெனி கேட்டுக்கு எதிரே சின்னசாமி டீக்கடையில் பத்திரத்தை வந்த விலைக்கு விற்றார்கள். முதலில் தொண்ணூறுக்குப் போனது. பொங்கலுக்கு அறுபது. மார்ச்சில் நாற்பது.

மார்ச் கடைசி வாரத்தில் முதலாளி சுப்பராயனைக் கூப்பிட்டார். "கணக்குல நட்டம் தெரிஞ்சா பேங்க்காரன் கடனை நிறுத்திடுவான். லாபம் வேணும்."

"வியாபாரமே இல்லையே சார்."

"வியாபாரம் பண்ணி லாபம் காட்டுறதுக்கு நீங்க எதுக்கு?"

மனம் நொந்த சுப்பராயன் டீ குடிக்கப் போனார். அங்கே ஒருவன் பத்திரத்தை நாற்பதுக்குக் கைமாற்றுவதைப் பார்த்தார். அவருக்குள் ஏதோ பொறி தட்டியது. டீயைக் குடிக்காமலே ஓடிவந்தார்.

"சார்! ஒரு பத்திரத்துக்கு நூறு ரூபா கடன்னு எழுதியிருக்கோம். சந்தையில நாப்பதுதான். நியாய மதிப்புல எழுதினா கடனும் நாப்பதுதான். மிச்ச அறுபதும் லாபம்!"

"விலை ஏன்யா குறைஞ்சுது?"

"நாம பணம் தருவோம்னு யாருக்கும் நம்பிக்கை இல்ல சார்."

"யாருக்குமேவா?" முதலாளியின் குரல் தழுதழுத்தது.

"ஒருத்தருக்குக்கூட இல்ல சார்."

முதலாளி எழுந்துவந்து அவரைக் கட்டிக்கொண்டார். "இத்தனை வருஷ உழைப்பு வீண்போகலய்யா! இன்னும் குறைஞ்சா?"

"இன்னும் லாபம் சார். ஒரு ரூபாய்க்கு வந்துட்டா நமக்கு இணையா பூந்தமல்லி ரோட்டுல கம்பெனியே கிடையாது."

அன்றிலிருந்து அவநம்பிக்கையை வளர்ப்பதே நிறுவனத்தின் கொள்கையானது. முதலாளி காரைப் பூந்தமல்லியில் விட்டுவிட்டு, கிழிந்த சட்டையில் ஷேர் ஆட்டோ பிடித்து டீக்கடைக்கு வந்தார். "கம்பெனி தேறாதுப்பா. நானும் நல்லவன் இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னார். விலை பதினைந்துக்கு இறங்கியது. ஒருநாள் ஒருவன் நாலு பத்திரத்தைக் கொடுத்துவிட்டு ஒரு தட்டு பஜ்ஜி வாங்கினான். விலையைக் குறித்துக்கொள்ள நின்ற சுப்பராயன், "சட்னியோட சேர்த்தா?" என்று கேட்டுத் தெளிவுபெற்றார். கணக்கில் அவருக்குத் துல்லியம் முக்கியம்.

வீட்டில் மனைவி ரேகாவிடம், "கம்பெனி லாபத்துல ஓடுது" என்று பெருமையாகச் சொன்னார்.

"அப்ப மூணு மாசச் சம்பள பாக்கி வந்துடுமா?"

"இது அந்த மாதிரி லாபம் இல்லம்மா."

கணக்கு முடிய ஒருநாள் இருக்கும்போது, தொழிற்சங்கச் செயலாளர் ரோஸி டீக்கடையில் அவரை மடக்கினாள். சுருள் கம்பி மிஷினின் இரைச்சலையும் மீறிப் பேசிப் பழகிய தொண்டை அவளுக்கு. "இன்னா சார், டெய்லி இங்க நின்னுகினு வெல கேட்டுகினு கீறீங்க?"

சுப்பராயனுக்குத் தன் கண்டுபிடிப்பைச் சொல்ல ஆள் கிடைக்காத ஏக்கம். நாளை கணக்கு முடியும்போது என்ன விலையோ அதுதான் ஏட்டில் ஏறும் என்பதுவரை எல்லாவற்றையும் விளக்கினார்.

"அப்ப நாங்க நம்பலன்னா ஒங்களுக்கு லாபம்?"

"ஆமா."

"நம்பிட்டா?"

"நட்டம்தான். ஆனா யாரும்மா நம்பப் போறா?" என்று சிரித்தார்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் டீக்கடை முன்னால் தொழிலாளர்கள் கூடினார்கள். ரோஸி ஒரு ஆயிரம் ரூபாயை எண்ணி சக தொழிலாளி வினோத்திடம் கொடுத்து, ஒரே ஒரு பத்திரம் வாங்கினாள். வினோத் அதே ஆயிரத்தைக் கொடுத்து அடுத்தவனிடம் ஒன்று வாங்கினான். பணம் கை மாறி மாறிச் சுற்றிவந்தது. எல்லா வியாபாரமும் ஆயிரம் ரூபாய்க்கே நடந்தது.

"கம்பெனி மேல செம நம்பிக்கை வந்துருச்சி மாமே!" என்று கத்தினான் வினோத்.

சுப்பராயன் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது. அவர் நேர்மையானவர். சந்தை விலை என்றால் சந்தை விலைதான். முதலாளியிடம் ஓடினார்.

"சார், நம்பிட்டாங்க!"

"யாருய்யா?"

"எல்லாரும்! பத்திரம் ஆயிரத்துக்குப் போகுது. இப்ப கடன் பத்து மடங்கு!"

முதலாளி நெஞ்சில் கை வைத்தார். "நான் அவங்களுக்கு என்னய்யா துரோகம் பண்ணேன்?" என்றபடி டீக்கடைக்கு ஓடினார். "ரோஸி, கையெடுத்துக் கும்பிடறேன். நம்பாதீங்கம்மா!"

"எப்டி மொதலாளி நம்பாம கீறது? ஒங்க மூஞ்சப் பாத்தாலே நம்பிக்கை வருது. ஏய் வினோத்து, ஆயிரத்தி ஐநூறுக்குத் தர்றியா?"

"ஐயோ! என்ன செஞ்சா நிறுத்துவீங்க?"

"பத்திரம் எங்க கையில கீறவரிக்கும் நம்பிகினுதான் கீவோம். ஆளுக்கு எத்தினி வெச்சிகீறோமோ அத்தினிக்கும் நூறு நூறு ரூபா குட்த்துட்டு எட்த்துகினு போங்க."

ஆயிரமா, நூறா? முதலாளி யோசிக்கவே இல்லை. தீபாவளிக்கு எங்கு தேடியும் அகப்படாத பணம், மச்சினன் பெயரிலிருந்த கணக்கிலிருந்து பொழுது சாய்வதற்குள் வந்துசேர்ந்தது. டீக்கடை முழுக்கச் செல்போன்கள் 'கிணிங்' 'கிணிங்' என்று ஒலித்தன. வினோத் ரோஸிக்கு இரண்டு மசால் வடை வாங்கிக் கொடுத்தான்.

மறுநாள் காலை, பெரிய நட்டத்திலிருந்து கம்பெனியைக் காப்பாற்றிய நிறைவோடு சுப்பராயன் ஆபீசுக்கு வந்தார். மேஜைமேல் கடிதம் இருந்தது. பாராட்டுக் கடிதமென்று எண்ணி நின்றுகொண்டே படித்தார்:

'தங்கள் அஜாக்கிரதையால் நிறுவனம் பட்ட கடனைத் திருப்பித் தர நேர்ந்துவிட்டது. இதனால் நிறுவனத்தின் நற்பெயருக்கு ஈடுசெய்ய முடியாத நம்பிக்கை ஏற்பட்டுள்ளது. ஆகவே தாங்கள் பணிநீக்கம் செய்யப்படுகிறீர்கள். தங்கள் மூன்று மாதச் சம்பளத்தை நாங்கள் தருவோம் என்று தாங்களே நம்பமாட்டீர்கள் என்பதால் அதன் நியாய மதிப்பு பூஜ்யம். அத்தொகை இத்துடன் முழுமையாகச் செலுத்தப்படுகிறது.'