வெட்டக் கூடாத களை

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் நகராட்சிக் காலி மனையில் களை இடுப்பளவு வளர்ந்துவிட்டது, மூன்று நாளுக்குள் வெட்டி அகற்ற வேண்டும் என்று ஒரு பெண்மணி தொலைபேசியில் புகார் செய்திருப்பதாகத் துண்டுச் சீட்டு சொன்னது. மேற்பார்வையாளர் அதை மூன்று முறை படித்தார். அவருடைய கால்சட்டையின் முழங்காலில் அந்த மனையின் மண் இன்னும் காயவில்லை.

ஊரில் முளைக்கும் களையை ஒழிப்பது அவருடைய உத்தியோகம். அந்தக் களையை நம்பித்தான் அவர் வீட்டில் இரண்டு முயல்கள் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தன.

முயல்கள் மகளுடையவை. வெளியூருக்குப் படிக்கப் போகும்போது அப்பாவின் கையில் ஒப்படைத்துவிட்டு, "நான் லீவுக்கு வர்றப்போ ரெண்டும் இதே மாதிரி கொழுகொழுன்னு இருக்கணும்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவரும் பெருமையாகத் தலையாட்டிவிட்டார். பெரியவர், சின்னவர் என்று அவரே பெயர் வைத்துக்கொண்ட அந்த இருவரும் கடைக் கீரையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பூங்காப் புல்லில் மருந்து அடித்திருந்தது. அடிக்கச் சொன்னது அவரேதான். தெருவோரப் புல்லின் மீது நாய்களுக்கு முன்னுரிமை இருந்தது. ஊரிலேயே சுத்தமான தழை அந்த மனையில்தான் கிடைத்தது. பதினோரு வருஷமாக அவருடைய இலாகா அங்கே எட்டிக்கூடப் பார்க்காததே அதற்குக் காரணம்.

அதனால் தினமும் விடிந்ததும் மண்டியிட்டு அருகம்புல்லும் பொன்னாங்கண்ணியும் பறிப்பார். அலுவலகத்தில் மூச்சு விட்டதில்லை. களை மேற்பார்வையாளர் களை பறித்துக்கொண்டு போகிறார் என்று தெரிந்தால் பியூன்கூட மதிக்க மாட்டான்.

மகள் வர இன்னும் இருபது நாள். சீட்டின் கீழே, "புல் வெட்டும் இயந்திரம் பழுது" என்று எழுதிக் கோப்பில் வைத்தார்.

நான்காம் நாள் அதே பெண்மணி மறுபடியும் புகார் செய்தார். ஆணையர் நல்ல மனிதர், வேலையில் வேகம் பார்ப்பவர். இயந்திரம் பழுதானால் என்ன என்று பக்கத்து வட்டத்திலிருந்து இரண்டு இயந்திரங்களை வரவழைத்துவிட்டார்.

மேற்பார்வையாளர் மறுபடி பேனாவை எடுத்தார். "மனையில் பாம்பு நடமாட்டம் உள்ளதாகத் தெரிகிறது. பணியாளர்களை இறக்குவது உசிதமல்ல" என்று ஒரு குறிப்பு எழுதினார். அங்கே பாம்பு இல்லை. தினமும் முழங்காலில் நடந்தவருக்கு அது தெரியாதா என்ன.

ஆணையர் குறிப்பைப் படித்துவிட்டு அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நல்ல வேளை சொன்னீங்க. ஆளே இறங்க வேண்டாம். வண்டியில களைக்கொல்லியைக் கொண்டுபோய் வெளியில இருந்தே பீய்ச்சி அடிச்சிருங்க. வர்ற திங்கட்கிழமை."

"அடிச்சா ஒண்ணுமே மிஞ்சாதே சார்."

"அதுதானே வேணும்" என்றார் ஆணையர்.

அன்று மேற்பார்வையாளர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. விஷத்தை அடித்துவிட்டு எந்த முகத்தோடு பெரியவர் முன்னால் போய் நிற்பது? சாயங்காலம் கிளம்புவதற்கு முன் மூன்றாவது குறிப்பை எழுதினார்: "மேற்படி மனையில் அரிய தாவரங்கள் இருக்க வாய்ப்புண்டு. நிபுணர் கருத்து பெறலாம்."

கல்லூரியிலிருந்து தாவரவியல் பேராசிரியர் வந்தார். அவரிடம் யாரும் கருத்துக் கேட்டுப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். வந்த வேகத்திலேயே அது தெரிந்தது. பூதக்கண்ணாடியும் கையுமாக மண்டியிட்டு மனை முழுவதையும் சுற்றினார். மேற்பார்வையாளரும் கூடவே மண்டியிட்டார், பழக்கம் இருந்ததால் அவர்தான் முன்னால் போனார். சுவர் ஓரத்தில் பேராசிரியர் அப்படியே நின்றுவிட்டார். நகக்கண் அளவு ஊதாப்பூ வைத்த ஒரு செடியைக் காட்டி, இது இந்த வட்டாரத்திலேயே அழிந்துபோய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். சின்னவர் காலையில் முதலில் சாப்பிடுவது அதைத்தான்.

ஆணையர் குளிர்ந்துபோனார். களைக்கொல்லி ரத்தானது. உடனே தடை உத்தரவு தயார் செய்யும்படி மேற்பார்வையாளரிடமே சொன்னார். பதினெட்டு வருஷம் உத்தரவு எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? "எவரும், எக்காரணம் கொண்டும், ஒரு தழையைக்கூடப் பறித்தல் கூடாது" என்று ஓட்டை எதுவும் இல்லாமல் எழுதிவிட்டது. கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

இரண்டே நாளில் கம்பி வேலியும் பூட்டும் காவலாளியும் வந்து சேர்ந்தார்கள்.

அவர் முட்டைக்கோஸ் வாங்கிப் பார்த்தார், கேரட் வாங்கிப் பார்த்தார். பெரியவர் முகர்ந்ததோடு சரி. சின்னவர் மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேருக்கும் விலா தெரிய ஆரம்பித்தது. சனிக்கிழமை வருகிறேன் என்று மகளிடமிருந்து செய்தி வந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை வேலிக் கம்பிக்குள் கையை விட்டு ஒரு கொத்து அருகம்புல்லைப் பிடித்திருந்தபோது பின்னால் காவலாளியின் குரல் கேட்டது.

"ஐயா, பெரிய மனசு பண்ணி என்கூட ஆபீசுக்கு வாங்க. உத்தரவுல எவரும்னு போட்டிருக்கு. நீங்கதான் போட்டிருக்கீங்க."

ஆணையர் அறையில் அவர் எதையும் மறைக்கவில்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கு, பழுதாகாத இயந்திரம், இல்லாத பாம்பு, சின்னவரின் காலைச் சாப்பாடு எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தார். கையில் இருந்த அருகம்புல்லை என்ன செய்வது என்று தெரியாமல் கடைசியில் மேஜைமேல் வைத்தார்.

ஆணையர் புல்லை ஓரமாக நகர்த்தி வைத்தார். பேராசிரியரின் அறிக்கை வர ஆறு மாசம் ஆகும், அதுவரை தன்னாலேயே வேலியைத் தொட முடியாது என்றார். பிறகு, இத்தனைக்கும் காரணமான அந்தப் பெண்மணிக்காவது மனையை வெட்டப்போவதில்லை என்று தகவல் சொல்லிவிடலாம், பாவம் காத்திருப்பார் என்று தொலைபேசி அலுவலரைக் கூப்பிட்டார்.

தொலைபேசி எடுக்கும் பெண் புகார் ஏட்டோடு வந்து, ஆணையரைப் பார்த்தாள், மேற்பார்வையாளரைப் பார்த்தாள், ஏட்டை மூடிக்கொண்டாள்.

"அது இந்த சாரோட வீட்டம்மாதான் சார். அவர் தினமும் முட்டி போட்டுப் பறிச்சு இடுப்பு ஒடிஞ்சு வர்றாரு, மொத்தமா வெட்டச் சொல்லி ஆர்டர் வந்தா ஒரு வண்டி தழை வீட்டுக்கே வந்துருமேன்னுதான் போன் பண்ணாங்களாம்."