சகலை வீட்டுச் சுவர்

"அக்காவுக்கு போன் பண்ணி என்ன கலர்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா முடிஞ்சு போச்சு" என்று மனைவி செல்போனை எடுத்ததும், டிசைனர் பாய்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"கேட்டா என் மானம் கப்பலேறிடும்! சோப்பு டப்பா, பிஸ்கெட் டப்பாவுக்கெல்லாம் கலர் சொல்றவன் நான். டயர் விக்கிற சகலைகிட்ட போய் சுவத்துக்குக் கலர் கேக்கணுமா?"

குடிவந்தபோது ஹாலுக்கு ஏதோ ஒரு நிறம் அடித்திருந்தார்கள். புகையும் தூசியும் படிந்து, அது இன்ன நிறம் என்றே இப்போது வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. மனைவிக்கோ அக்கா வீட்டு ஹாலில் இருக்கும் அதே நிறம்தான் வேண்டும். வேறு எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கினாள். அக்காவும் சகலையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார்கள். அதற்குள் அந்த நிறம் சுவரில் ஏறியாக வேண்டும், அதுவும் கேட்காமல்.

டிசைனர் அசரவில்லை. அக்கா வீட்டில் எடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதையொட்டிய நிறங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நம்பர் போட்டு, வீட்டுப் பிரிண்டரில் ஒரு அட்டையாக அச்சடித்தார். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு ஓட்டை போட்டார்.

"ஓட்டை எதுக்கு?"

"சுவத்துல வெச்சா ஓட்டை வழியா சுவர் தெரியும். எந்தக் கட்டத்துல ஓட்டை இருக்கிறதே தெரியலையோ, அதுதான் நம்ம கலர்."

மனைவி அட்டையைக் கைப்பையில் ஒளித்துக்கொண்டு போனாள். அக்கா அடுப்படிப் பக்கம் நகர்ந்த சமயம் பார்த்துச் சுவரில் வைத்தாள். நம்பரோடு வெற்றிநடை போட்டுத் திரும்பினாள். கடைக்காரர் கட்டத்தைப் பார்த்துக் கலந்து கொடுக்க, பெயிண்டர் அடித்து முடித்தார்.

சுவர் பழுத்த பூசணிக்காய்போல் நின்றது.

"அங்க எந்த வெளிச்சத்துல பாத்தே?"

"சாயங்காலம்தான். மஞ்ச பல்பு எரிஞ்சுது."

"அதான் விஷயம்! நம்ம வீட்ல டியூப்லைட்டு."

உடனே ஹாலில் மஞ்சள் பல்பு மாட்டினார். இப்போது சுவரோடு சேர்ந்து இருவர் முகமும் பூசணிக்காய் ஆனது. "காமாலை வந்த மாதிரி இருக்கீங்க" என்றாள் மனைவி. அவளைப் பற்றியும் அதையே சொல்லியிருக்கலாம், டிசைனர் சொல்லவில்லை. அனுபவஸ்தர்.

மறுநாள் ஆபீஸ் பிரிண்டரில், மினுமினுப்பில்லாத தாளில் புது அட்டை அடித்துக்கொண்டு, பட்டப்பகலில் அவரே சகலை வீட்டுக்குப் போனார். ஹாலில் யாருமில்லை. சுவரில் அட்டையை வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். ஒரு கட்டத்தில் ஓட்டை மாயமாக மறைந்தது. அவருக்கு உச்சி குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்துச் சகலை உள்ளே வந்தார். டிசைனர் சட்டென்று திரும்பி அட்டையின்மேல் சாய்ந்துகொண்டார்.

"என்ன சகலை, சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கறீங்க?"

"லேசா தலை சுத்துது."

அவ்வளவுதான். சகலை ஃபேனைப் போட்டார், தண்ணீர் கொண்டுவந்தார், டாக்டருக்கு போன் பண்ணக் கிளம்பினார். அதெல்லாம் வேண்டாம் என்று கெஞ்சி, முதுகில் ஒட்டிக்கொண்ட அட்டை தெரியாதபடி பின்பக்கமாகவே நடந்து வாசலைத் தாண்டினார் டிசைனர். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், வியர்வையில் முதுகு முழுக்கக் கட்டம் கட்டமாக மை. போகட்டும், நம்பர் கிடைத்துவிட்டது.

பெயிண்டர் மறுபடி வந்தார். இந்த முறை பீரோவையும் நகர்த்தினார்.

"சார், பீரோவுக்குப் பின்னாடி யாரோ சுவத்தைச் சொரண்டியிருக்காங்க."

"எலியா இருக்கும். பட்டி பூசி மூடிட்டு, மேல கலர் அடிச்சிடுங்க" என்றார் டிசைனர், எழுந்துகூடப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் வெளிச்சம் விழுந்து ஹால் ஜொலித்தது. அச்சு அசலாக அதே நிறம். மனைவி அடிக்கடி சுவரைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அதைப் பார்க்கப் பார்க்க டிசைனருக்குப் பட்ட பாடெல்லாம் மறந்தே போயிற்று.

அக்காவோடு உள்ளே வந்த சகலை சுவரைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். பிறகு அசடு வழியச் சிரித்தார்.

"பழைய கலரையே திரும்ப அடிச்சிட்டீங்களா? நல்லதாப் போச்சு, இப்ப சொல்லிடறேன் சகலை. நாங்க வீடு கட்டினப்போ உங்க ஹால் கலர்தான் வேணும்னு இவ ஒத்தக் கால்ல நின்னா. டிசைனர்கிட்ட போய்க் கேட்டா மானம் போயிடுமேன்னு, நான்தான் அந்த பீரோவுக்குப் பின்னாடி துளி சொரண்டி எடுத்துட்டுப் போனேன்!"