அப்பா படுத்துப் பார்த்த வேன்

வண்டியைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். நாலு பேரைக் கேட்டு வாங்குகிறார்கள். எல்லாம் தெரிந்தவர்களுக்கும் பிரச்சினை இல்லை. கொஞ்சம் தெரிந்தவர்கள்தான் மாட்டுகிறார்கள். எனக்குக் கொஞ்சம் தெரியும்.

தலைச்சோலையில் நானும் என் கணவர் செந்திலும் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வருகிற விருந்தாளிகளை ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆம்னியில் கூட்டி வருவது என் வேலை. செந்திலுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதனால் எங்கள் வீட்டில் வாகனத் துறை என் கையில் இருந்தது. (இருந்தது என்பதைக் கவனிக்கவும்.)

அண்ணன் குஜராத்தில் கட்ச் பக்கம் ஓர் உப்புக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனுக்கு மகள் பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். எங்களோடு இருக்கும் அப்பா அந்தப் பேத்தியைப் போனில்தான் பார்த்திருந்தார். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. ரயிலில் பெர்த்தில் ஏறி இறங்கப் பயம். விமானம் என்றால், "நாம இருக்கற உசரமே போதும், கண்ணு" என்று முடித்துவிடுவார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். அவர் முடித்தால் முடித்ததுதான்.

அப்போதுதான் கேம்பர் வேன் வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினேன். உள்ளே கட்டில், அலமாரி, குட்டி அடுப்பு. அப்பா படுத்துக்கொண்டே குஜராத் போகலாம். ஒரு மாதத்தில் பழைய டீசல் வண்டியை எப்படிச் சோதிப்பது என்பதில் நான் ஊருக்கே வகுப்பெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். கருப்புப் புகை என்றால் இது, வெள்ளைப் புகை என்றால் அது. செந்தில், "ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போலாமே" என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

சேலத்துக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் தங்கராசு என்பவர் பழைய வேன்களைக் கேம்பராக மாற்றி விற்றுக்கொண்டிருந்தார். மூன்று வண்டிகள் நின்றன. ஒன்றில் குளவி கூடு கட்டியிருந்தது. இன்னொன்று ஸ்டார்ட் செய்ததும் கொட்டகையே மறையும் அளவுக்குப் புகைத்தது. மூன்றாவது நீளமான வெள்ளை வேன். இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி. நடுவில் ஸ்டீல் சட்டத்தில் நீளக் கட்டில், தலைமாட்டில் அலமாரி, ஓரத்தில் அடுப்பு. முன்னாலும் பின்னாலும் மலையும் பறவையும் போட்ட பெரிய ஸ்டிக்கர். கதவைத் திறந்ததும் பன்னீர் வாசனை.

நான் எஞ்சினை ஸ்டார்ட் செய்து காதைக் கொடுத்துக் கேட்டேன். ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். (எதற்கு முகர்ந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வீடியோவில் ஒருவர் முகர்ந்தார்.)

"இதுக்கு முன்னாடி எங்க ஓடுச்சுங்க?"

"ஆஸ்பத்திரி லைன்ல ஓடுன வண்டிங்க. நொம்ப மெதுவாத்தான் ஓட்டியிருக்காங்க. போறப்ப ஒரு ஆளு, வர்றப்ப காலி. இதுல போனவங்க ஒருத்தர்கூட இது வரைக்கும் குறை சொன்னதில்லீங்க."

போகும்போது ஒரே ஆள், வரும்போது காலி என்றால் எஞ்சினுக்கு எவ்வளவு ஓய்வு! நான் மனதுக்குள் மதிப்பெண் போட்டேன். "கட்டில் எதுக்கு இரும்பு ரெயில் மேல நிக்குது?" என்று கேட்டேன். "இழுத்து வெளிய விடலாமுங்க, வசதி" என்றார். வெளிநாட்டு வண்டியில்கூட நான் இந்த வசதியைப் பார்த்ததில்லை.

என் ஆம்னியை அவரிடம் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரை ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி வேனை மலைக்கு எடுத்து வந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் திணறாமல் ஏறியது. எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டம். முழுக் குடும்பத்தையும் ஏற்றி மேடு பள்ளமான சாலையில் ஓட்ட வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். மஞ்சக்குட்டைச் சாலையைத் தேர்ந்தெடுத்தேன். செந்தில் தயங்கினார்.

"அங்க உங்க அத்தை ஊடு இருக்குதே."

அப்பாவின் தங்கை பாவாயி அத்தை. தோட்ட எல்லையில் நின்ற ஒரு பலா மரத்தால் அண்ணனும் தங்கையும் பல வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை. ஏற்காட்டுச் சந்தையில் எதிரெதிரே வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். "நாம நிக்கவா போறோம்? தாண்டிப் போயிட்டுத் திரும்பிருவோம்" என்றேன்.

சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா கட்டிலில் மல்லாந்து படுத்தார். குளிருக்கு மப்ளரைத் தலையிலிருந்து தாடை வரை சுற்றிக் கட்டியிருந்தார். வெள்ளைப் போர்வையை நெஞ்சு வரை இழுத்துவிட்டுக்கொண்டு கைகளை மேலே கோத்து வைத்தார். வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். மகள் நிலா அவர் காலடியில் தலையைக் குனிந்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பன்னீர் நெடி போகட்டும் என்று செந்தில் பின்னால் ஓர் ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஏற்காடு கடைத்தெருவில் ஞாயிறு என்றால் சுற்றுலாக் கூட்டத்தில் ஆட்டோகூட நுழைய முடியாது. அன்றைக்கு வழி தானாக விட்டது. கார்கள் ஓரம் கட்டின. டீக்கடையில் இருந்தவர்கள் கண்ணாடித் தம்ளரோடு எழுந்து நின்றார்கள். ஒருவர் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போக்குவரத்துப் போலீஸ்காரர் எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி, எனக்கு வழிவிட்டு, தலையையும் தாழ்த்தினார்.

"ஏன் எல்லாரும் நம்மளயே பாக்கறாங்க?" என்றார் செந்தில்.

"நல்ல வண்டி போனா பாக்கத்தான் செய்வாங்க. அதுலயும் ஒரு பொம்பள ஓட்டறா."

நான் ஜன்னல் வழியாகக் கையசைத்தேன். (சிரித்துக்கொண்டே.) காய்கறிக் கடைக்காரர் அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம், அவருக்கு ஸ்பெஷலாக இரண்டு முறை அசைத்தேன். அவர் வாயைத் திறந்தபடி பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

எனக்குத் தெரியாமல் நடந்தது இதுதான்: சாரலில் ஊறி அந்த மலையும் பறவையும் கழன்று எங்கோ விழுந்துவிட்டன. அடியில் முன்னும் பின்னும் பெரிய கருப்பு எழுத்தில் 'அமரர் ஊர்தி' என்று எழுதியிருந்தது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

இதற்கிடையில் நான் மைலேஜைப் பார்த்து அசந்துபோயிருந்தேன். தலைச்சோலையில் கிளம்பும்போது டீசல் முள் பாதியில் இருந்தது. ஏற்காட்டிலும் பாதி. மஞ்சக்குட்டை நெருங்கும்போதும் அதே பாதி. "பாத்தீங்களா, குடிக்கவே மாட்டேங்குது" என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. மஞ்சக்குட்டையில், சரியாகப் பாவாயி அத்தை வீட்டுக்கு எதிரே, நின்றுவிட்டது. முள் மட்டும் பாதியிலேயே இருந்தது.

அத்தை வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். பெண்கள் தலையை விரித்துப் போட்டிருந்தார்கள்.

"அத்தை ஊட்டுல ஆரோ போயிட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்றேன். மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. அவராகத்தான் இருக்க வேண்டும். என்ன சண்டையாக இருந்தாலும் இப்படி ஒரு நேரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க முடியுமா? இறங்கி ஓடினேன். அத்தையும் ஓடி வந்தார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

"எப்படிக் கண்ணு ஆச்சு? நேத்துக்கூட நல்லாத்தான இருந்தாருன்னாங்க?"

"எனக்கும் இப்பத்தான் அத்தை தெரியும்" என்று நான் தேம்பினேன். "கடைசியா என்ன சொன்னாரு?"

"எங்கிட்டதான் அவரு பேசவே இல்லையே, சாமி!"

மாமா அத்தையிடம்கூடப் பேசவில்லையா என்று நினைத்து நான் இன்னும் பலமாக அழுதேன். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் ரோஜா மாலையோடு வந்தார். மாமா. நடந்து வந்தார்.

என் அழுகை பாதியில் நின்றது. "மாமா, நீங்க..." என்றேன். அவர் என் தலையைத் தடவி, "தைரியமா இரு, கண்ணு. நாங்கெல்லாம் இருக்கறோம்" என்றார். அவர் பார்வை போன பக்கம் நானும் திரும்பினேன். அப்போதுதான் அந்த வேனை முதல் முறையாக வெளியிலிருந்து, முன்பக்கமாக, எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

அதற்குள் அத்தை வேனை அடைந்துவிட்டார். கண்ணாடி வழியாகத் தாடைக் கட்டோடு படுத்திருந்த அண்ணனைப் பார்த்ததும் அவருக்குக் கட்டுப்படவில்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"எங்கண்ணா! ராசாவாட்ட இருந்தியே எங்கண்ணா! சந்தையில பாத்தும் மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போனனே, நாம்பாவி! வருசா வருசம் உனக்குன்னு நார்த்தங்கா ஊறுகா போட்டு ஜாடியில வெச்சனே, கொண்டாந்து குடுக்க மனசு வல்லியே அண்ணா! நீ வருவீன்னு ஒவ்வொரு பொங்க நோம்பிக்கும் வாசலப் பாத்தனே!"

கூட்டமே அழுதது. அத்தையிடம் உண்மையைச் சொல்ல நான் வாயெடுத்தேன்; அந்த அழுகைச் சத்தத்தில் எடுபடவில்லை. செந்தில் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அப்பாவுக்கு இந்தச் சத்தத்தில் விழிக்காமல் இருக்க வழியே இல்லை. (நிலா பிறகுதான் சொன்னாள்: "அப்புச்சி மொதல்லயே முழிச்சுட்டாரும்மா. எழுப்பப் போனேன். உஷ்ஷுன்னுட்டு மறுபடி கண்ண மூடிக்கிட்டாரு.") தங்கை வாயிலிருந்து இத்தனை வருடம் கழித்து வந்த பேச்சு. அதைப் பாதியில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

அத்தை அத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருப்பார்.

"இருந்தாலும் நீ செஞ்சது ஞாயமா அண்ணா? காச்சுக் குலுங்குன பலா மரத்த எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம வெட்டிப் போட்டியே அண்ணா!"

"வெட்டல. காத்துல சாஞ்சுருச்சு" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அத்தை ராகத்தை விடவில்லை. "சாஞ்ச மரத்துல கோடாலி வெட்டு எப்படி அண்ணா வந்துச்சு!"

"சாஞ்சதுக்கப்பறம் வெட்டுனது, பாவாயி."

"அத அப்பவே வந்து சொல்லியிருந்தா நான் ஏன் அண்ணா..." என்று இழுத்தவர் நிறுத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா எழுந்து உட்கார்ந்து மப்ளர் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. நாற்காலிகள் கவிழ்ந்தன. அழ வந்திருந்த பெண்களில் ஒருத்தி பஸ் ஸ்டாப் வரை ஓடிவிட்டாள். மாமா மாலையை என் கழுத்தில் போட்டார். ஏன் என்று அவருக்கும் தெரியாது. அத்தை மட்டும் அசையாமல் நின்றார். பிறகு கண்ணாடியை ஓங்கித் தட்டினார். "ஏண்ணா, அத்தனையும் கேட்டுக்கிட்டா படுத்திருந்த?"

"நீ பேசி எத்தன வருசமாச்சு" என்றார் அப்பா. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இந்த முறை அவர் அழுதது சத்தமே இல்லாமல்.

அன்று மத்தியானம் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அத்தை வீட்டில் சாப்பாடு. ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தார்கள். செந்திலும் மாமாவும் கேன் எடுத்துக்கொண்டு டீசல் வாங்கப் போனார்கள். நான் கொல்லைப்புறம் போய்த் தங்கராசுக்குப் போன் போட்டு எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் வைதேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, ஆஸ்பத்திரி லைன்னு சொன்னனுங்களே. ஆஸ்பத்திரிக்குன்னு சொன்னனா? அங்கிருந்து போறதுங்க" என்றார்.

வண்டியைத் திருப்பிக் கொடுப்பது என்று செந்தில் முடிவு செய்தார். நானும் ஒத்துக்கொண்டேன், மறுத்துப் பேச எனக்கு முகம் இல்லை. அப்பாதான் மறுத்தார். "ஆபரேஷனுக்கப்பறம் நான் இடுப்பு நோவாமத் தூங்குனது இந்தக் கட்டில்லதான். இதுலயே போலாம்" என்றார். செந்தில் மெதுவாக, "மாமா, அது எதுக்கு ஓடுன வண்டின்னு..." என்று ஆரம்பித்தார். "தெரியும் மாப்ள. ஆனா என் தங்கச்சி ஊட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துச்சே."

வாங்கினோம். ஒழுங்கான மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, டீசல் முள்ளைச் சரி செய்து, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையெல்லாம் முடித்து, முழுக்க நீலப் பெயின்ட் அடித்தோம். கிளம்பும் நாளன்று பாவாயி அத்தை புடவை மூட்டையோடு வந்து, யாரையும் கேட்காமல் ஏறிக்கொண்டார். குஜராத் வரைக்கும் அண்ணனும் தங்கையும் பலா மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். என் அண்ணனின் வாடகை வீட்டு வாசலில் அப்பா இறங்கியபோது, பேத்தி புது ஆளைப் பார்த்து அழாமல் நேரே வந்து அவர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டாள். வண்டி வாங்கியதற்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

என்னிடமிருந்து வாகனத் துறை பறிக்கப்பட்டுவிட்டது. மற்ற துறைகளும் கண்காணிப்பில் இருக்கின்றன. போன மாதம் ஹோம்ஸ்டேக்காக ஐஸ்கிரீம் வைக்க ஒரு பழைய ஃப்ரீசர் பெட்டி வாங்கினேன். நீளமானது, நல்ல கண்டிஷன். விஷயம் அன்றே மஞ்சக்குட்டைக்குப் போய்விட்டது. அத்தை போன் செய்தார். நான் ஸ்பீக்கரில் போட்டது தப்பு. சாப்பாட்டு மேஜையில் விருந்தாளிகள் இருந்தார்கள்.

"கண்ணு, பொட்டி வாங்குனியாமே. இதுக்கு முன்னாடி அதுக்குள்ள ஆர வெச்சிருந்தாங்கன்னு கேட்டியா?"

ஐஸ்கிரீம் இன்னும் அப்படியே இருக்கிறது.