டெல்பர்ட் வாய் திறக்காத ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியும்வரை டி.வி.யைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று டெல்பர்ட் க்ரோஷெக் சத்தியம் செய்தார். கையிலிருந்த பீர் பாட்டில் மேல் அடித்துச் செய்த சத்தியம். விஸ்கான்சினில் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது.

எல்லாம் கோல்பி ரென்ஷாவால் வந்த வினை. கோல்பிதான் அந்த ஊர்க்காரர்கள் உயிரை விடும் அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக். பந்தை யாருக்கு எறிவது, எப்போது எறிவது, எப்போது சும்மா இருப்பது என்று முடிவெடுக்க வேண்டிய பிள்ளை. முக்கால்வாசி ஆட்டம் அவனைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். கடைசி இரண்டு நிமிடம் பார்த்தால் கல்லெடுக்கத் தோன்றும். அணி முன்னால் நிற்கும், பந்து அவன் கையில் இருக்கும், சும்மா இருந்தாலே ஜெயம். சும்மா இருக்க மாட்டான். நாலு எதிரிகள் கூடி நிற்கிற இடமாகப் பார்த்துத் தானம் கொடுப்பது போல் எறிவான். அவர்களும் வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பதில், அத்தனை மாடுகள் உள்ள அந்த மாநிலத்திலேயே அவனை மிஞ்ச ஆளில்லை.

மூன்று வாரமாக இதே கதை. ஊர் தாங்கவில்லை. டெல்பர்ட் பண்ணை வீடுகளுக்கு கேஸ் நிரப்பும் லாரி ஓட்டுகிறவர். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கோல்பியைத் திட்டி முடித்துவிட்டுத்தான் குழாயையே இறக்குவார். லூத்தரன் சர்ச்சில் பாதிரியார்கூட, நோயாளிகளுக்காகவும் பயணம் போகிறவர்களுக்காகவும் ஜெபித்த கையோடு, கடைசி நேரத்தில் கையில் பந்து வைத்திருப்பவர்களுக்கு ஆண்டவர் புத்தி அருளட்டும் என்று சேர்த்துக்கொண்டார். அன்றைக்கு விழுந்த ஆமென் போல அந்தக் கட்டடத்தில் எப்போதும் விழுந்ததில்லை.

ஆனால் டெல்பர்ட்டின் சத்தியத்துக்குக் காரணம் கோல்பி மட்டுமல்ல. ஒரு நாற்காலி.

பழுப்பு நிறச் சாய்வு நாற்காலி. ஒரு கை ஒட்டு டேப்பால் நிற்கிறது. வெள்ளிக்கிழமை பொரித்த மீன் வாசம் ஞாயிற்றுக்கிழமை வரை அதில் தங்கும். அதில் உட்கார்ந்தால்தான் அணி ஜெயிக்கும் என்பது டெல்பர்ட்டின் நம்பிக்கை. உட்கார்ந்தும் மூன்று வாரமாகத் தோற்கிறதே என்று கேட்டால், உட்காராமல் இருந்தால் இன்னும் கேவலமாகத் தோற்றிருக்கும் என்பார். ஆட்டம் இல்லாத நாளிலும் சாப்பாடு, தூக்கம், செய்தித்தாள் எல்லாம் அதில்தான். அவர் அப்பா இறந்த வருஷம், குளிர்காலம் முழுக்க யாரோடும் பேசாமல் அதில்தான் கிடந்தார். அதையெல்லாம் அவர் வெளியே சொல்வதில்லை.

மனைவி மார்லிஸ் கணக்கு வேறு. நன்றி நாள் விருந்துக்கு மில்வாக்கியிலிருந்து அக்கா வருகிறாள். போன வருஷம் அந்த நாற்காலியின் கம்பிச் சுருள் அக்காவைப் பதம் பார்த்துவிட்டது.

"அந்தச் சனியனை சர்ச்சுல பழைய சாமான் விக்கிறாங்களே, அங்க குடுத்துடலாம் டெல்."

"என் பொணத்தைத் தாண்டித்தான் அது வாசப்படி தாண்டும்."

"ஏற்கெனவே பாதிப் பொணமாத்தான் அதுல கெடக்குற. சரி, ஒரு பந்தயம் வச்சுக்கலாமா?"

"என்ன பந்தயம்?"

"இந்த ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடியுற வரைக்கும், டி.வி.யைப் பார்த்து அந்தப் பையனுக்கு ஒரு வார்த்தை யோசனை சொல்லக் கூடாது. சொல்லலைன்னா நாற்காலி உன்னோடது. அதைப் பத்தி நான் மூச்சு விட மாட்டேன். நீ சொல்லிட்டேன்னு வையி, அது சர்ச்சுக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இத்தனை சுலபமான பந்தயத்தை மார்லிஸ் ஏன் வைக்கிறாள் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற வழக்கம் இருந்திருந்தால் முப்பத்தோரு வருஷத்தில் ஒரு வாக்குவாதமாவது ஜெயித்திருப்பார். பாட்டிலின் மேல் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார்.

ஞாயிறு வந்தது. பக்கத்து வீட்டு எய்னார் வழக்கம்போல ஒரு தட்டுப் பொரித்த சீஸோடு வந்து சோபாவில் உட்கார்ந்தார். மார்லிஸும் வந்து உட்கார்ந்தாள். ஆட்டம் நடக்கிற நேரத்தில் அவள் கூடத்துக்கு வந்ததே இல்லை. நடுவராக வந்திருப்பதாகச் சொன்னாள்.

முதல் பாதியில், நாற்காலியில் சாய்ந்திருந்த டெல்பர்ட் ஒரு ரிஷி. இரண்டாம் பாதியில் ரிஷிக்கு வியர்த்தது. அணி மூன்று புள்ளி முன்னால் நின்றது. கோல்பி பந்தைப் பின்னுக்கு ஓங்கினான். டெல்பர்ட்டின் வாய் தானாகத் திறந்தது. சட்டென்று முகத்தை எய்னார் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"டேய் எய்னார்! எறியாதேடா! இடது பக்கம் மூணு பேர் நிக்கிறானுங்க!"

எய்னார் கையிலிருந்த சீஸைப் பார்த்தார். "நான் எதையும் எறியலையே."

"உன்கிட்டதான்டா சொல்றேன்! ஓடு! நீயே எடுத்துக்கிட்டு ஓடு!"

"எனக்கு முழங்கால் வலிடா டெல்."

டெல்பர்ட் மார்லிஸைப் பார்த்தார். "நான் டி.வி.யைப் பார்த்துப் பேசலை. எய்னார்கிட்டப் பேசினேன். சினேகிதன்கிட்டப் பேசக் கூடாதுன்னு பேச்சு இல்லையே?"

"இல்லதான். தாராளமாப் பேசு."

அவள் இத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டது டெல்பர்ட்டுக்குக் கொஞ்சம் உறுத்தியது. அதற்குள் கோல்பி எறியாமல் ஓடிப் பத்து கஜம் முன்னேறிவிட்டான். எய்னாருக்குச் சொன்னது அவனுக்குக் கேட்டுவிட்டது போலிருந்தது.

கடைசி இரண்டு நிமிடம். அதே மூன்று புள்ளி. பந்து கோல்பியிடம். எதிரணிக்கு ஆட்டத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்புகளும் தீர்ந்துவிட்டன. இனி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பந்தை வாங்கி, தரையில் முட்டி போட வேண்டும். கடிகாரம் ஓடும். மறுபடி வாங்கி மறுபடி முட்டி போட வேண்டும். நம் பள்ளிக்கூடத்தில் அதற்குத் தண்டனை என்று பெயர், அங்கே வெற்றி என்று பெயர். ஆனால் போன மூன்று வாரமும் இதே இடத்தில்தான் கோல்பிக்கு வீரம் பொங்கியது.

மார்லிஸ் பின்னிக்கொண்டிருந்த கம்பளியை மடியில் வைத்தாள்.

"ஏன் டெல், இப்ப அவன் அப்படியே தூக்கி ஒரு எறி எறிஞ்சா அழகா இருக்குமில்ல?"

டெல்பர்ட்டின் கழுத்து நரம்பு புடைத்தது. "அழகா? அழகா இருக்குமா?"

"கடைசியில ஒரு அழகு வேண்டாமா? சும்மா முட்டி போட்டா, டிக்கெட் வாங்கிட்டுப் பனியில ஒக்காந்திருக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"ஜெயிச்சோம்னு நெனப்பாங்க!"

"என்னமோ. தைரியம் இருக்கற பையன் எறிவான்."

"மார்லிஸ், உன் கால்ல விழறேன். பேசாம இரு."

"நான் யோசனை சொல்லலாமே. பந்தயம் உனக்குத்தானே?" என்று சொல்லிவிட்டு அவள் டி.வி.யைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "எறி ராஜா, எறி!"

டெல்பர்ட் ஒரு சோபாத் தலையணையை எடுத்துக் கடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது.

கோல்பி பந்தை வாங்கினான். இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். மூன்று வாரப் பழக்கம் கையில் துடித்தது டி.வி.யிலேயே தெரிந்தது. பிறகு முட்டி போட்டான்.

டெல்பர்ட் தலையணையை இன்னும் இறுகக் கடித்தார்.

மறுபடி வாங்கினான். மறுபடி முட்டி போட்டான். ஊரே திட்டிய பிள்ளை, பத்திரிகைக்காரன் திட்டிய பிள்ளை, ஜெபத்தில்கூட வசவு வாங்கிய பிள்ளை, தலையைக் குனிந்து புல்தரையில் ஒரு முழங்காலை வைத்திருந்ததை டெல்பர்ட் பார்த்தார். இருபத்து நாலு வயசு. நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறானே, இவனையா அவ்வளவு பேசினோம் என்று தோன்றியது. பாசம் பொங்கிவிட்டது. தலையணை பறந்தது. நாற்காலியின் பிடி தடக்கென்று விழ, டெல்பர்ட் துள்ளி எழுந்து இரண்டு கையையும் டி.வி.யை நோக்கி நீட்டினார்.

"அப்படித்தான்டா கோல்பி! அப்படித்தான் என் ராசா! இன்னும் ஒரே ஒரு தடவை! உக்காரு! அப்படியே உக்காரு! எழுந்திரிக்காதேடா!"

கோல்பி மூன்றாம் முறை முட்டி போட்டான். டெல்பர்ட் கூடத்தில் ஒரு சுற்று ஆடினார். எய்னாரைக் கட்டிப்பிடிக்கத் திரும்பினார். எய்னார் கட்டிப்பிடிக்க வரவில்லை. மார்லிஸ் டி.வி.யின் மூலையை விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். கடிகாரத்தில் இன்னும் ஒன்பது விநாடி மிச்சம் இருந்தது.

டெல்பர்ட்டின் கைகள் மெல்ல இறங்கின.

"அது... அது யோசனை இல்ல மார்லிஸ். பாராட்டு."

"'உக்காரு'ங்கறது பாராட்டா?"

"அவன் ஏற்கெனவே உக்காந்துட்டான்!"

"'இன்னும் ஒரே ஒரு தடவை'ன்னியே, அது?"

டெல்பர்ட் எய்னாரைப் பார்த்தார். "டேய், நீ சொல்லுடா. நான் உன்கிட்டத்தானே பேசினேன்?"

"என்னை நீ ராசான்னு கூப்பிட்டதே இல்லையேடா" என்றார் எய்னார். குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

டி.வி.யில் விநாடி தீர்ந்து மைதானமே கூத்தாடியது. கடைசி விநாடி வரைக்கும் கையைக் கட்டியவன் கோல்பி. ஆட்டம் முடியுமுன்பே வாயைத் திறந்தவர் டெல்பர்ட். அந்தப் பையனைத் தள்ளிவிடப் பதினோரு தடியர்கள் வேண்டியிருந்தது. டெல்பர்ட்டுக்கு கம்பளி பின்னுகிற ஒருத்தியே போதுமாக இருந்தது.

"சரி" என்றார் டெல்பர்ட், ஒரு வழியாக. "தோத்தா தோத்ததுதான். ஆனா சர்ச்சுல விக்கிறது அடுத்த மாசம்தானே? அதுவரைக்கும் ஒக்காந்துக்கறேன்."

உட்காருவதற்குத் திரும்பினார். நாற்காலி இருந்த இடத்தில் கம்பளத்தின் மேல் நாலு பள்ளம் இருந்தது. எய்னார் தோல் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்திருந்தார், பாதிரியார் மறுபக்கம். நாற்காலி பாதி வாசல் தாண்டியிருந்தது.

"பாதிரியார் எப்ப வந்தாரு?" என்றார் டெல்பர்ட்.

"ரெண்டாம் பாதி ஆரம்பிச்சதுல இருந்து சமையல்கட்டுல காபி குடிச்சுக்கிட்டிருக்காரு." மார்லிஸ் கம்பளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அது போன வாரமே வித்துப் போச்சு டெல். நீ எழுந்திரிக்கத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம்."